அதிகாரம் இல்லாத ஆசான்: வங்காளப் படங்களின் வித்தியாசமான வழிகாட்டிகள்

வங்காளப் படங்கள் நாலைந்து பார்த்துவிட்டாலே ஒருவகை ஆள் நமக்குப் பழக்கமாகிவிடுவார். சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு வேலை இருக்காது, இருந்த வேலையும் போயிருக்கும். வீட்டில் மதிப்பு குறைவு. ஊர் அவரைக் கிறுக்கன் என்றோ, பிழைக்கத் தெரியாதவர் என்றோ, சில படங்களில் மோசடிக்காரர் என்றோகூட நினைக்கும். ஆனால் கதையில் இருக்கும் ஒரு சிறுவனுக்கோ இளம்பெண்ணுக்கோ அவரால்தான் கண் திறக்கும். விமர்சகர்கள் எழுதும்போது மரபுக்கு மாறான வழிகாட்டி என்று குறிப்பிடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான். வங்காள சினிமாவுக்குள் நுழைய இவரைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் வழக்கமான குரு யார் என்று பார்த்துவிடலாம். அவர் பள்ளி ஆசிரியர், சங்கீத வித்வான், மடத்துச் சாமியார் என்று யாராகவும் இருக்கலாம். அவருக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடம் அவருக்கு அதிகாரம் தருகிறது. மாணவன் அவரைத் தேடிப் போய் வணங்கிக் கற்கிறான். அவர் சொல்வது சரியா என்ற கேள்விக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் பதவியிலேயே பதில் இருக்கிறது.

வங்காளப் படத்து ஆசானிடம் இல்லாதது இந்த அதிகாரம்தான். அதனால் மாணவன் தலையில் ஒரு வேலை விழுகிறது: இந்த ஆளை நம்பலாமா என்று அவனே முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலான படங்களில் கதை சூடுபிடிப்பது இந்த இடத்தில்தான். என்ன கற்றுக்கொடுக்கிறார் என்பதைவிட, எதை வைத்து நம்புகிறார்கள் என்பதைக் கவனித்தால் படம் வேறு மாதிரி திறக்கும்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் சத்யஜித் ராயின் கடைசிப் படமான ‘ஆகந்துக்’. வெளியான ஆண்டு 1991. கல்கத்தாவில் வசதியான ஒரு குடும்பம்: கணவன் சுதீந்திரா, மனைவி அனிலா, பள்ளிக்கூடம் போகும் மகன் சாத்யகி. ஒரு நாள் அனிலாவுக்குக் கடிதம் வருகிறது. எழுதியவர் மன்மோகன் மித்ரா, அவளுடைய தாய்மாமன். 35 வருடத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவர், வெளிநாடுகளில் சுற்றியவர், இப்போது ஒரு வாரம் வந்து தங்கப் போவதாகச் சொல்கிறார். அனிலா அவரை நேரில் பார்த்து நினைவு வைத்திருக்கும் வயதில் அவர் இங்கே இல்லை. வருவது உண்மையான மாமாதானா? சொத்தில் பங்கு கேட்டு வரும் எத்தனா? வீட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டைப் பார்க்கத் துடிக்கிறார்கள். அவரோ தானாகவே அதை எடுத்து நீட்டிவிட்டு, இதை வைத்து எதுவும் நிரூபணமாகாது, போலியும் செய்யலாமே என்கிறார். மன்மோகனாக நடித்த உத்பல் தத் அந்தக் காட்சியில் குரலை உயர்த்தவே இல்லை.

சிறுவன் சாத்யகிக்கு மட்டும் பாஸ்போர்ட் கவலை இல்லை. மாமாத் தாத்தா அவனுக்கு வெளிநாட்டு நாணயங்களைக் காட்டுகிறார். அவனுடைய நண்பர்களையும் சேர்த்து உட்காரவைத்து, கிரகணம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறார். சூரியன் விட்டத்தில் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது, அதே அளவு மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால்தான் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன, நிலா சூரியனைக் கச்சிதமாக மறைக்க முடிகிறது. பாடப்புத்தகத்திலும் இருக்கிற விஷயம்தான். அவர் அதைப் பாடமாகச் சொல்லாமல், உலகத்திலேயே பெரிய மாயவித்தை என்பதுபோலச் சொல்கிறார். பையன்கள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள்.

பெரியவர்களிடம் அவர் நடத்தும் பாடம் வேறு. குடும்ப நண்பரான வக்கீல் பிருத்வீஷ் ஒரு மாலை வந்து அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார். நாகரிகம் என்றால் என்ன, பழங்குடிகளோடு வாழ்ந்தீர்களே, நரமாமிசம் காட்டுமிராண்டித்தனம் இல்லையா என்று கேள்விகள் வருகின்றன. ஒரு பொத்தானை அழுத்தி ஒரு நகரத்தையே அழிக்கும் ஆயுதத்தை ஏவ முடிகிறவன்தானே இன்று நாகரிகமானவன் என்று மன்மோகன் திருப்பிக் கேட்கிறார். விசாரணை முற்றி, கடைசியில் வக்கீல் அவரை அவமானப்படுத்திவிடுகிறார். மறுநாள் காலை மாமா வீட்டில் இல்லை.

குடும்பம் அவரைத் தேடிக்கொண்டு சாந்திநிகேதன் பக்கம் போகிறது. சாந்தால் பழங்குடிகளின் கிராமத்தில் அவர் இருக்கிறார். அங்கே பெண்கள் கைகோத்து ஆடும்போது, அனிலா தயங்கித் தயங்கிப் போய் அந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மன்மோகன், இவள் உண்மையில் என் மருமகள்தானா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது, இப்போது இல்லை என்கிறார். படம் முழுக்க அவரிடம் ஆதாரம் கேட்டார்கள். அவரும் அவர்களை அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்! விடைபெறும்போது சாத்யகியிடம் அவர் வாங்கிக்கொள்ளும் சத்தியம் ஒன்றே ஒன்று: கிணற்றுத் தவளையாக ஆகமாட்டேன் என்பது. அப்புறம் தன் பங்குச் சொத்தை அனிலாவுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இந்த மாதிரி ஆள் திடீரென்று ராயின் மண்டையில் முளைக்கவில்லை. இவருடைய வேர் ரவீந்திரநாத் தாகூரிடம் இருக்கிறது. தாகூருக்குச் சிறுவயதில் பள்ளிக்கூடம் பிடிக்கவே இல்லை. பின்னால் 1901-ல் சாந்திநிகேதனில் அவரே பள்ளி தொடங்கியபோது வகுப்பை மரத்தடிக்குக் கொண்டுபோனார். அவருடைய நாடகங்களில் தாத்தா மாதிரியான ஒரு பாத்திரம் அடிக்கடி வரும். ‘டாக்கர்’ நாடகத்தில் அமல் என்ற சிறுவன் நோயாளி, வைத்தியர் அவனை வெளியே விடக் கூடாது என்கிறார். தாத்தா ஃபக்கீர் வேஷம் போட்டு அவன் படுக்கை அருகே வந்து உட்கார்ந்து, கிளிகள் மட்டுமே வாழும் தீவைப் பற்றிக் கதை சொல்கிறார். வைத்தியரிடம் சாஸ்திரம் இருக்கிறது, தாத்தாவிடம் கதைதான் இருக்கிறது. சிறுவன் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

ராய் 1940 முதல் 1942 வரை சாந்திநிகேதனில் ஓவியம் படித்தார், படிப்பை முடிக்காமல் வெளியேறினார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிற்காலத்தில் அவருக்குப் பார்வை முற்றிலும் போனது. அப்புறமும் அவர் படைப்பதை நிறுத்தவில்லை. அவரைப் பற்றி ராய் 1972-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். பின்னால் பார்வை இழந்த ஓவிய ஆசிரியரிடம் பயின்றதைப் பெருமையாக நினைத்த ஒருவர், திரையில் எப்படிப்பட்ட ஆசான்களைப் படைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இதுவரை சொன்னது மென்மையான வகை. கடுமையான வகையும் இருக்கிறது. வங்காளத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அந்தப் பெயரைத்தான்: க்ஷித்தா.

மோதி நந்தி எழுதிய ‘கோனி’ நாவலை சரோஜ் தே 1984-ல் படமாக எடுத்தார். க்ஷித்தா என்று அழைக்கப்படும் க்ஷிதீஷ் சின்ஹா நடுத்தர வயது நீச்சல் பயிற்சியாளர், நடித்தவர் சௌமித்ர சாட்டர்ஜி. கண்டிப்பானவர் என்பதால் கிளப்பில் இருப்பவர்களே அவருக்கு எதிராகத் திரும்புகிறார்கள், அவர் வெளியேற வேண்டியதாகிறது. வீட்டில் வருமானம் மனைவி நடத்தும் தையல்கடையிலிருந்து. அதாவது கையில் குளமும் இல்லை, பதவியும் இல்லை, மாணவியும் இல்லை. கங்கைத் துறையில் பாருணி நாளன்று பக்தர்கள் ஆற்றில் மாங்காய்களை விடுவார்கள். அதை எடுக்கச் சிறுவர்கள் பாய்ந்து நீந்துவார்கள். அந்தக் கூட்டத்தில் பையன்களோடு முட்டி மோதி மாங்காய் பிடிக்கும் ஒரு சேரிப் பெண்ணை அவர் பார்க்கிறார். அவள்தான் கோனி.

அந்தப் பெண்ணுக்கு நீச்சல் போட்டியில் ஆர்வம் ஒன்றும் இல்லை. பசிதான் இருக்கிறது. க்ஷிதீஷ் இதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுகிறார்: இன்னும் ஒரு மணி நேரம் நீந்தினால் இரண்டு முட்டை, இரண்டு வாழைப்பழம், இரண்டு டோஸ்ட். அவளோ அதற்குப் பதில் காசாகக் கொடுங்கள் என்கிறாள். காசாக இருந்தால் வீட்டுக்கு அரிசி வாங்கலாம். களைத்துப் போன ஒரு குழந்தையை உணவைக் காட்டி வேலை வாங்குவது கொடுமை என்பது க்ஷிதீஷுக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறார். அதனால்தான் இந்தப் பாத்திரத்தை என்னால் முழுதாகக் கொண்டாடவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. இன்று ஒரு பயிற்சியாளர் இப்படி நடந்தால் நாம் கேள்வி கேட்போம், கேட்கவும் வேண்டும். ஆனால் கோனியின் அண்ணன் காசநோயில் இறந்தபிறகு அந்தக் குடும்பத்தின் சோற்றுக்கு வழி பார்ப்பவரும் இதே மனிதர்தான். கிளப் பிரமுகர்களில் ஒருவருக்கும் அந்த எண்ணம் வரவில்லை.

நாவலில் கடைசிப் போட்டி நடக்கும் ஊர் சென்னை, அன்றைய மெட்ராஸ். வங்காள அணியோடு கோனியைக் கூட்டிவந்துவிட்டு, உள் அரசியலால் அவளைக் கரையில் உட்காரவைத்துவிடுகிறார்கள். தொடர் நீச்சலில் நீந்த வேண்டிய ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமல் போக, வேறு வழியின்றிக் கடைசி நேரத்தில் இவளை இறக்குகிறார்கள். கூட்டத்தில் எங்கிருந்தோ க்ஷித்தாவின் குரல் கேட்கிறது: ‘ஃபைட், கோனி, ஃபைட்!’ இந்த மூன்று சொல்லும் வங்காளத்தில் பரீட்சைக்குப் போகும் பிள்ளையிலிருந்து மருத்துவமனையில் கிடக்கும் நோயாளி வரை எல்லோருக்கும் சொல்லப்படுவது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது அதற்கப்புறம் வரும் சின்னப் பேச்சு. எங்கே ஒளிந்துகொண்டிருந்தீர்கள், வலியில் செத்துக்கொண்டிருந்தேன் என்று கோனி அழுகிறாள். அந்த வலிதானம்மா நான் என்கிறார் க்ஷித்தா.

இந்தப் பதிலை வீர வசனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீச்சலில் கடைசித் தூரத்தில் கையும் தோளும் எரியும்போது, நின்றுவிடு என்று உடம்பு கெஞ்சும். அந்த எரிச்சலைத் தாண்டிப் போகத்தான் அவர் அவளை மாதக்கணக்கில் பழக்கியிருக்கிறார். தண்ணீருக்குள் அவர் கூட வர முடியாது. வலி வரும், அது வரும்போது பழக்கம் கைகொடுக்கும்.

நீதி நேரான ஒரு படத்தையும் சொல்லிவிட வேண்டும். ராயின் ‘ஹீரக் ராஜார் தேஷே’, 1980. குழந்தைகள் படம் என்று பெயர், ஆனால் அவசரநிலைக் காலத்தை மனதில் வைத்துப் பார்ப்பவர்கள் அதிகம். படித்தால் ஜனங்கள் அதிகம் தெரிந்துகொள்வார்கள், தெரிந்துகொண்டால் அடங்கமாட்டார்கள் என்று வைர நாட்டு ராஜா பாடசாலையை மூடிவிடுகிறான். ஆசிரியர் உதயன் பண்டிதர் மலைக்குத் தப்பி ஓடுகிறார். நியமனம் போய், பள்ளி போய், தலைமறைவான பிறகுதான் அவர் உண்மையில் ஆசிரியராகிறார். இந்தப் படத்தில் ராஜாவும் மந்திரிகளும் மற்றவர்களும் எதுகை மோனையோடு செய்யுள் மாதிரிப் பேசுவார்கள். உதயன் ஒருவர்தான் சாதாரண உரைநடையில் பேசுவார். அதிகாரத்தின் சந்தம் அவர் நாக்கில் ஏறவில்லை என்பதை ராய் இப்படிக் காதால் காட்டிவிட்டார். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: பள்ளியை மூடிய அந்த ராஜாவாக நடித்தவர் உத்பல் தத். பதினோரு வருடம் கழித்து, பள்ளியே இல்லாத ஆசானாக ‘ஆகந்துக்’கில் வந்தவரும் அவரே.

இதுவரை எல்லாம் ஆண்கள். வயதும் அனுபவமும் உள்ள ஆண் வந்து கற்றுக்கொடுப்பது வங்காள சினிமாவின் பழைய பழக்கம், அந்தக் குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் தேடினால் வேறு முகங்களும் கிடைக்கும்.

ராயின் ‘மகாநகர்’ 1963-ல் வந்தது. குடும்பக் கஷ்டத்தால் ஆரதி முதல்முறையாக வேலைக்குப் போகிறாள், வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கும் வேலை. கூட வேலை பார்ப்பவள் ஈடித், ஆங்கிலோ இந்தியப் பெண். கம்பெனியில் கமிஷன் கேட்க வேண்டும் என்று துணிந்து பேசுபவள் அவள்தான். ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று ஆரதிக்கு உதட்டுச் சாயம் கொடுத்துப் பூசிக்கொள்ளச் சொல்கிறாள். ஆரதி கூச்சத்தோடு பூசிக்கொண்டு தன்னையே பார்க்கிறாள். நெற்றியில் குங்குமம் வைக்கிறாயே, உதட்டில் வைத்தால் என்ன என்கிற மாதிரி மிக எளிமையான பாடம். இதை நடத்த ஈடித்துக்கு வயதும் இல்லை, பட்டமும் இல்லை. அந்த வீட்டார் கண்ணில் அவள் மரியாதைக்குரியவளும் இல்லை. ஆனால் ஈடித்துக்கு அநியாயம் நடக்கும்போது, வீட்டில் வருமானமே தன்னுடையது மட்டும்தான் என்று தெரிந்தும், ஆரதி வேலையை உதறிவிடுகிறாள்.

அதே படத்தில் ஆரதியின் மாமனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பெரிய நிலைக்கு வந்துவிட்ட பழைய மாணவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார். கண் டாக்டராகிவிட்ட ஒருவரிடம் மூக்குக்கண்ணாடி, மற்றவர்களிடம் உதவி என்று குருதட்சிணை கேட்கிற மாதிரி நிற்கிறார். நமக்குப் பரிதாபமாகவும் கூச்சமாகவும் இருக்கும். முறையான ஆசிரியர் ஒரு பக்கம், உதட்டுச் சாயம் கொடுத்த தோழி ஒரு பக்கம் என்று ராய் வைத்திருப்பதை முதல்முறை பார்க்கும்போது தவறவிட்டுவிடுவோம். இரண்டாம் முறை பாருங்கள்.

அபர்ணா சென் 2013-ல் எடுத்த ‘கொய்னார் பாக்ஷோ’வில் வழிகாட்டி ஒரு பேய். ராஸ்மணி அத்தை சின்ன வயதிலேயே விதவையானவள், வாழ்நாள் முழுக்க அவளுக்கு இருந்த ஒரே சொத்து நகைப்பெட்டி. இறந்தவுடன் ஆவியாக வந்து, திக்கிப் பேசும் பயந்த சுபாவமுள்ள புது மருமகள் சோமலதாவிடம் பெட்டியைக் காப்பாற்றச் சொல்கிறாள். சோமலதா அந்த நகையை அடகு வைத்துப் புடவைக் கடை தொடங்குகிறாள். அத்தை கத்துகிறாள், சபிக்கிறாள், அப்புறம் உடனிருந்து தூண்டிவிடவும் செய்கிறாள். வியாபாரத்துக்கு மட்டும் இல்லை, தனக்கு மறுக்கப்பட்ட ஆசைகளுக்கும் சேர்த்துத் தூண்டுகிறாள். மௌசுமி சாட்டர்ஜி இந்தப் பேயாக வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வாழாத வாழ்க்கையிலிருந்து பாடம் எடுக்கும் ஆசான் என்று இவளைச் சொல்லலாம்.

எல்லா வழிகாட்டியும் இந்த வகையில் சேரமாட்டார் என்பதற்கு ராயின் ‘நாயக்’ நல்ல எதிர் உதாரணம். 1966-ல் வந்த படம், நாயகன் அரிந்தமாக உத்தம் குமார். அவருடைய நாடக குரு சங்கர்தா, சினிமாவுக்குப் போகாதே, அங்கே நடிகன் பொம்மை மாதிரி என்று தடுக்கிறார். அன்பு இருக்கிறது, அக்கறை இருக்கிறது, ஆனால் கதவைத் திறக்காமல் சாத்துகிறார். அவர் இறந்தபிறகுதான் அரிந்தம் சினிமாவுக்குப் போகிறான். பின்னால் ரூபாய் நோட்டுக் குவியலில் புதைந்துபோவதாகக் கனவு காணும்போது, கையை நீட்டும் சங்கர்தா அவனைத் தூக்கிவிடாமல் விட்டுவிடுகிறார். குற்றவுணர்வு அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது. மன்மோகனையும் சங்கர்தாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும்.

இந்தக் கருத்தை அதன் எல்லை வரை இழுத்துப் பார்த்தவர் இயக்குநர் ரித்விக் கட்டக். 1974-ல் முடித்த ‘ஜுக்தி, தக்கோ ஆர் கப்போ’வில் நீலகண்ட பாக்சி என்ற குடிகார அறிவுஜீவியாக அவரே நடித்தார். மனைவி மகனையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். நீலகண்டன் ஒரு வேலையில்லாப் பட்டதாரி, பங்களாதேஷிலிருந்து ஓடிவந்த ஒரு பெண், ஒரு சமஸ்கிருத வாத்தியார் ஆகியோரோடு நாடோடியாக அலைகிறார். ‘யோசி, யோசி, யோசிக்கப் பழகு’ என்று அவர் சொல்வது வங்காள இளைஞர்களிடம் இன்றும் புழங்கும் வசனம். ஆனால் காட்டில் நக்சல்பாரி இளைஞர்களைச் சந்திக்கும்போது, அவர்களுக்கு வழிகாட்டத் தன்னிடம் ஒன்றும் இல்லை, தானே குழம்பிப் போயிருப்பதாக ஒப்புக்கொள்கிறார். பொழுது விடியும்போது போலீஸ் குண்டு பட்டுச் சாகிறார். வழி தெரியாது என்று மாணவர்களிடமே சொல்லிவிடும் ஆசானை வேறு எந்தப் படத்திலும் நான் இவ்வளவு நேர்மையாகப் பார்த்ததில்லை. கட்டக் நிஜத்தில் 1960களின் நடுவில் புனே திரைப்படக் கல்லூரியில் பாடம் எடுத்தவர். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் மூவரும் அங்கே அவரிடம் படித்தவர்கள். மூவர் எடுத்த படங்களும் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது, கட்டக்கின் படங்களைப் போலவும் இருக்காது.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் ‘கோனி’யிலிருந்து தொடங்குங்கள். மொழி தெரியாவிட்டாலும் கதை நேராகப் போகும். அடுத்து ‘ஆகந்துக்’. அது பெரும்பாலும் வரவேற்பறையில் நடக்கும் பேச்சுதான், அதனால் வசன வரிகள் நன்றாக உள்ள பிரதியாகத் தேடிப் பிடியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘ஹீரக் ராஜார் தேஷே’யைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம், பாட்டுக்காகவே அவர்களுக்குப் பிடிக்கும். ‘மகாநகர்’ எப்போது வேண்டுமானாலும் சரி. கட்டக்கின் படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1947 பிரிவினை, நக்சல்பாரி, 1971 வங்கதேசப் போர் மூன்றைப் பற்றியும் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால், அந்தக் குடிகாரரின் புலம்பலில் யார் யாரிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்பது காதில் விழும்.